அணை பலவீனம் என்று தெரிந்த பிறகு ஏரிச் சங்கம் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: படகு விடவும் மீன் பிடிக்கவும் என்று 60 ஆண்டுகளுக்கு முன் ஓடையின் குறுக்கே மண் அணை கட்டி உருவாக்கிய ஏரி எங்களுடையது. ஏரியைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்த சங்கத்தின் பெயரில்தான் ஏரியும் அணையும் இருக்கின்றன. நான் அதன் செயலாளர். போன ஆண்டு ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டினோம். மதகின் இரும்புக் குழாய் துருவேறி அரித்துவிட்டது, கரையில் பெரிய மரங்கள் வளர்ந்திருக்கின்றன, கரையின் கீழ்ப்புறம் ஓரிடத்தில் நீர் கசிகிறது, கலிங்கு, அதாவது உபரி நீர் வெளியேறும் வழி, பெருவெள்ளத்துக்குப் போதாது என்று எழுதிக் கொடுத்தார். செலவைக் கேட்டதும் பொதுக்குழு மறுத்துவிட்டது. "இத்தனை வருஷம் நின்ற அணை, இன்னும் நிற்கும்" என்கிறார்கள். அணை கட்டியபோது கீழே வயல் மட்டும்தான். இப்போது வீடுகளும் ஒரு பள்ளிக்கூடமும் வந்துவிட்டன. உடைந்தால் யார் பொறுப்பு? பெருமழை இயற்கைச் சீற்றம்தானே? சங்கத்தைக் கலைத்துவிட்டால் பொறுப்பு போய்விடுமா? நான் தனிப்பட்ட முறையில் மாட்டிக்கொள்வேனா?

பதில்: சட்டத்துக்குப் போகும் முன் ஒன்று கேட்கிறேன். கசியும் அந்த நீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா? மண் அணை என்றால் கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும். ஆனால் நீர் கலங்கி வந்தால் கரைக்குள் இருக்கும் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். மண் அணைகள் உடைவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. நீர் கரைக்கு மேல் வழிந்து அரிப்பது ஒன்று, இப்படி உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போவது இன்னொன்று. கலங்கல் தெரிந்தாலோ கசிவு கூடியிருந்தாலோ, இதை இத்தோடு நிறுத்திவிட்டுப் பொறியாளருக்கும் உங்கள் ஊரின் அணைப் பாதுகாப்பு அதிகாரிக்கும் இன்றே தகவல் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சரி, முதல் கேள்வி. பொறுப்பு அணையின் உரிமையாளருக்கு, அதாவது உங்கள் சங்கத்துக்கு. வழக்கறிஞர்கள் இதற்கு முதலில் எடுத்துச் சொல்வது நீர்த்தேக்கம் ஒன்றைப் பற்றிய வழக்கைத்தான். 1860-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தன் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்ட வைத்தார். அதன் அடியில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இருந்தன, அவற்றைச் சரியாக அடைக்கவில்லை. நீர் அவற்றின் வழியே இறங்கி அடுத்தவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸுக்கு அந்தக் குழிகள் பற்றியே தெரியாது, கட்டியவர் ஒப்பந்தக்காரர். ஆனாலும் 1868-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அவர்தான் பொறுப்பு என்றது. வெளியேறினால் கேடு செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்தில் இயல்புக்கு மாறாகக் கொண்டுவந்து சேர்ப்பவர், அது வெளியேறினால் வரும் நட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது கொள்கை.

எல்லா நாடுகளும் இதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1994-இல் இதைப் பொதுவான கவனக்குறைவுச் சட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. ஆனால் உங்களுக்கு இந்த வேறுபாடு கைகொடுக்காது. ரைலண்ட்ஸுக்குத் தெரியாமல் இருந்தது, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து, கவனக்குறைவை நிரூபிக்க எதிர்த்தரப்பு சிரமப்பட வேண்டியதில்லை. அறிக்கையையும், செலவை மறுத்த பொதுக்குழுத் தீர்மானத்தையும் அடுத்தடுத்து நீதிமன்றத்தில் வைத்தாலே போதும். செலவுக்குப் பணம் ஒதுக்குவதில்லை என்று தீர்மானம் போட முடியும். கீழே இருப்பவர்களுக்கு நீங்கள் பட்டிருக்கும் கடமையைத் தீர்மானம் போட்டு நீக்க முடியாது.

இயற்கைச் சீற்றம் என்ற வாதத்தைப் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது வென்ற வழக்கு ஒன்று உண்டு. ஓர் அம்மையார் தன் தோட்டத்தில் ஓடையைத் தடுத்து அழகுக்காக ஏரிகள் அமைத்திருந்தார். 1872-இல் யாரும் அதுவரை பார்த்திராத மழை பெய்து, கரைகள் உடைந்து, கீழே நான்கு பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. 1876-இல் அவர் பொறுப்பல்ல என்று தீர்ப்பானது. நிகோல்ஸ் எதிர் மார்ஸ்லண்ட் வழக்கு அது. அவரை எது காப்பாற்றியது என்று பாருங்கள்: கட்டியதிலும் பராமரித்ததிலும் எந்தக் குறையும் இல்லை என்று ஜூரி சொன்னதுதான். உங்களால் அப்படிச் சொல்ல முடியுமா? அப்புறம், 1917-இல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் நகராட்சி வழக்கு வந்தது. குழந்தைகள் நீரில் விளையாட ஒரு குளம் அமைப்பதற்காக ஓடையின் போக்கை மாற்றியிருந்தார்கள். அசாதாரண மழையில் நீர் வழிந்து ரயில்வே சொத்து சேதமானது. அது இயற்கைச் சீற்றம் இல்லை, ஓடையைத் தொட்டவர்தான் அது தாங்கும்படி செய்திருக்க வேண்டும் என்று பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. கலிங்கு போதாது என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, மழைமேல் பழி போட்டு வெல்ல எனக்குத் தெரிந்து வழியில்லை.

"கீழே இருப்பவர்கள் பிறகு வந்தவர்கள்" என்பதும் தற்காப்பு ஆகாது. அணையின் ஆபத்து வகையைத் தீர்மானிப்பது கரையின் நிலை அல்ல. உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்பதே. வயல் பள்ளிக்கூடம் ஆனபோது, ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் உங்கள் அணையின் வகை மாறிவிட்டது. அதிகாரிகளிடம் பழைய வகைதான் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்களாகவே போய்த் திருத்தச் சொல்லுங்கள்.

அணைப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் அணைக்குப் பொருந்துமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் நிலமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டருக்குமேல் நீர் தேக்கினாலே 1975-ஆம் ஆண்டின் நீர்த்தேக்கச் சட்டத்துக்குள் வந்துவிடும். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும் பொருந்தும். அளவு குறைவென்று சட்டத்துக்கு வெளியே நின்றாலும், மேலே சொன்ன இழப்பீட்டுப் பொறுப்பு அப்படியே இருக்கும். கணக்கெடுக்க அரசு வரவில்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம்.

சங்கத்தைக் கலைப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. அணை பொறுப்பாளர் இல்லாமல் போனால் கசிவைப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. சட்டமும் அவ்வளவு எளிதில் விட்டுவிடாது. பொதுவாக, சங்கத்தின் கடன்களும் கடமைகளும் தீராமல் கலைப்பை ஏற்பதில்லை. தப்பிக்கவே கலைத்தார்கள் என்று தெரிந்தால் நீதிமன்றம் உறுப்பினர்களை நோக்கித் திரும்பலாம். பொழுதுபோக்கு ஏரி வைத்திருக்கும் ஒரு கிளப்பால் என்ன ஆகும் என்பதற்கு 1889-இல் நடந்ததே உதாரணம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்று பழைய மண் அணையை வாங்கியது. நீரை வெளியேற்றும் குழாய்களை முந்தைய உரிமையாளர் கழற்றி விற்றிருந்தார். இவர்கள் திரும்ப வைக்கவில்லை. வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் வலை அடித்தார்கள். மே 31 அன்று அணை உடைந்து, கீழே ஜான்ஸ்டவுன் நகரிலும் சுற்றிலும் 2,209 பேர் இறந்தார்கள். கிளப்பின் மீது யாரும் வழக்கில் வெல்லவில்லை. அந்தக் கோபம்தான் பிறகு அமெரிக்க நீதிமன்றங்கள் ரைலண்ட்ஸ் கொள்கையின் பக்கம் சாய ஒரு காரணம் என்று சட்ட வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். அன்று அந்த கிளப் தப்பித்த மாதிரி இன்று உங்களால் தப்பிக்க முடியாது.

இனி செய்ய வேண்டியது. முதலில் நீர்மட்டத்தைக் குறையுங்கள். ஒரு பருவம் படகு விட முடியாமல் போகலாம், உறுப்பினர்கள் சத்தம் போடலாம், பரவாயில்லை. பொதுக்குழு நிதி தராவிட்டாலும் இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. ஆனால் உங்கள் இஷ்டத்துக்கு மதகைத் திறக்காதீர்கள். நீர் வேகமாக இறங்கினால் நனைந்த உட்புறக் கரை சரியும். அரித்த குழாயில் முழு நீரையும் விட்டால் அதுவே உடையலாம். எவ்வளவு வேகத்தில் இறக்கலாம் என்பதைப் பொறியாளர் எழுதித் தரட்டும். அனுமதியும் வேண்டும். மிச்சிகனில் ஈடன்வில் அணையின் உரிமையாளர் அனுமதியின்றி நீரை இறக்கியதால் நன்னீர்ச் சிப்பிகள் செத்தன என்று மாநில அரசு 2020 ஏப்ரல் கடைசியில் வழக்குப் போட்டது. மூன்று வாரத்துக்குள், மே 19 அன்று, அதே அணை உடைந்தது. சுமார் 10,000 பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த அணைக்குக் கலிங்கு போதாது என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த குறை. ஆனால் விசாரணைக் குழு கண்டுபிடித்த காரணம் வேறு: கரையின் தளர்ந்த மண் ஈரத்தில் திடீரென்று வலுவிழந்து சரிந்திருக்கிறது. அதனால் உங்கள் பொறியாளர் சொன்ன நாலு குறைகளோடு ஆய்வு முடிந்தது என்று நினைக்காமல், கரை மண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மரங்களை வெட்டுவதற்கும் அவரைக் கேளுங்கள். பெரிய மரத்தை வெட்டி வேரை அப்படியே விட்டால், அது மக்கி நீருக்கு வழி திறந்துவிடும். காப்பீடு இருந்தால் அந்த அறிக்கையை நிறுவனத்துக்குக் காட்டுங்கள். மறைத்தால், தேவைப்படும் நாளில் பாலிசி செல்லாது என்று சொல்லிவிடுவார்கள். பழுது பார்க்கவே பணம் திரட்ட முடியாது என்றால், அனுமதி பெற்று அணையை முறையாக அகற்றி ஓடையைப் பழையபடி ஓடவிடுவதும் ஒரு வழி. ஏரியை நேசிப்பவர்களுக்கு அது வலிக்கும். ஆனால் தானாக உடைவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கடைசியாக உங்களைப் பற்றி. சம்பளம் வாங்காத செயலாளர் என்பதால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது. பல சட்டங்கள் நல்லெண்ணத்தோடு நடக்கும் நிர்வாகிகளைக் காக்கின்றன. தெரிந்தும் மறைத்தவரைக் காப்பதில்லை. எனவே அவசரப் பொதுக்குழு கூட்டி, அறிக்கையை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். பழுதுபார்க்க உறுப்பினர்களிடம் சிறப்பு வரி கேட்டுத் தீர்மானம் கொண்டுவாருங்கள். தோற்றால் உங்கள் மறுப்பைக் குறிப்பேட்டில் எழுத வையுங்கள், பிறகு அணைப் பாதுகாப்பு அதிகாரிக்கு அறிக்கையோடு எழுத்தில் தெரிவியுங்கள். "சங்கத்துக்குத் துரோகம்" என்று யாராவது சொன்னால், என் பதிலைக் காட்டுங்கள். யார், எப்போது, யாரை எழுப்பி எந்த வழியில் வெளியேற்றுவது என்ற அவசரகாலத் திட்டத்தையும் இப்போதே எழுதி, அதன் பிரதியை அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் கையில் மழைக்காலத்துக்கு முன் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.