மாசின் செலவு யார் கணக்கில் ஏறுகிறது?

கேள்வி: நடுத்தர அளவுள்ள ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். கழிவைக் குறைப்பது, மின்சாரத்தை மிச்சப்படுத்துவது என்று எப்போது பேச்செடுத்தாலும் "அதெல்லாம் வீண் செலவு" என்று நிர்வாகம் தட்டிக்கழிக்கிறது. மற்ற நிறுவனங்கள் எதனால் மாறுகின்றன? நான் எங்கே தொடங்குவது?

பதில்: நிர்வாகத்தின் நல்ல மனதை நம்பித் தொடங்காதீர்கள். மாசின் செலவு ஊரார் தலையில் விழுகிற வரை, எவ்வளவு நல்லவர் பொறுப்பில் இருந்தாலும் பெரிதாக எதுவும் நடக்காது. அது நிறுவனத்தின் கணக்கில் ஏறினால்தான் அசைவார்கள்.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் ஸ்வீடன். 1992-இல் அங்கே பெரிய கொதிகலன்கள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்குக் கிலோவுக்கு 40 குரோனா கட்டணம் விதித்தார்கள். வசூலான பணத்தை, நிர்வாகச் செலவு போக, ஒவ்வோர் ஆலையும் உற்பத்தி செய்த ஆற்றலின் விகிதத்தில் அந்த ஆலைகளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஆக, அதே அளவு ஆற்றலுக்குக் குறைவாக மாசு விட்டவருக்குக் கட்டியதைவிட அதிகம் திரும்பி வந்தது. அதிகம் விட்டவரின் பணம் போட்டியாளர் கைக்குப் போனது. வியாபாரிக்கு இதைவிட உறுத்தல் வேறு வேண்டுமா! இன்னொன்றும் நடந்தது. கட்டணத்தைக் கணக்கிடப் புகைபோக்கியில் அளவீட்டுக் கருவி பொருத்தினார்கள். அதன் பிறகுதான், எரியும்போது காற்றின் அளவைச் சரிசெய்தாலே மாசு குறையும் என்பது பல இடங்களில் கொதிகலனை இயக்குபவர்களுக்கே தெரிய வந்தது.

சட்டமும் அபராதமும் கண்காணிப்பு இருக்கும் இடத்தில் மட்டுமே பலிக்கும். அபராதம் சுத்திகரிப்புச் செலவைவிடக் குறைவு என்றால், அதைக் கட்டிவிட்டுப் பழையபடியே ஓட்டுவார்கள். நுகர்வோரையும் நான் அதிகம் நம்புவதில்லை. பசுமைப் பொருளுக்குக் கூடுதல் விலை தருவேன் என்று சொல்பவர்களில் பலர், கடையில் விலையைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

உங்களைப் போன்ற நிறுவனத்தை வேகமாக மாற்றக்கூடியவர் உங்களிடம் மொத்தமாக வாங்கும் பெரிய வாடிக்கையாளர்தான். சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரச் சான்றிதழான ஐஎஸ்ஓ 14001 இருக்கிறதா, ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று அவர் கேட்க ஆரம்பித்தால், பதில் இல்லாதவர் ஆர்டரை இழக்க நேரும். ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் போன்றவற்றின் இறக்குமதிக்கு 2026 முதல் கார்பன் விலையை, அதாவது அவற்றைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்கான கட்டணத்தை, சேர்க்கிறது. அந்தப் பொருட்களின் விநியோகச் சங்கிலியில் நீங்கள் இருந்தால் இந்தக் கேள்வி சீக்கிரமே வந்து சேரும்.

சரி, தொடக்கத்துக்கு வருவோம். உங்கள் ஆலையில் அழுத்தக் காற்று உபயோகம் இருந்தால் அதைப் பிடியுங்கள். பராமரிப்பு சரியில்லாத ஆலைகளில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே போவது சாதாரணம். விடுமுறை நாளில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது இடையிடையே லோடு எடுத்தால், அதாவது காற்றை அழுத்தி நிரப்பத் தொடங்கினால், அத்தனையும் கசிவுதான். லோடில் ஓடிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கம்ப்ரசரின் திறனில் கசிவின் பங்கு தெரிந்துவிடும். அதை வருட மின்கட்டணமாக மாற்றி, சரிசெய்ய ஆகும் செலவு எத்தனை மாதத்தில் திரும்பும் என்பதையும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதில் "சுற்றுச்சூழல்" என்ற சொல்லே வேண்டாம்.

அந்தத் தாளை முதலில் கணக்குப் பிரிவுத் தலைவரிடம் காட்டுங்கள். மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கு உங்கள் பிரிவின் பட்ஜெட்டுக்கு வர வேண்டும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த யோசனையைச் சொல்ல யாரும் முன்வரமாட்டார்கள். அப்புறம், வாடிக்கையாளர்கள் அனுப்பிய சுற்றுச்சூழல் கேள்விப் படிவம் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று விற்பனைப் பிரிவில் விசாரியுங்கள். பெரும்பாலும் யாருடைய மின்னஞ்சலிலாவது பதில் போடாமல் கிடக்கும். கிடைத்தால் அதையும் தாளோடு இணைத்துவிடுங்கள்.