வார்டு ஆய்வும் நலக்கல்வியும்: கேள்வி பதில்

எம்.எஸ்சி. நர்சிங் தீசிஸ் செய்பவர்களும், வார்டு வேலையோடு சிறு ஆய்வு செய்ய நினைக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களும் கேட்கலாம். நோயாளியைக் கவனிப்பது, நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லிக்கொடுப்பது, அதன் பலனை அளப்பது, இவைதான் விஷயம். மருந்து, டோஸ் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் இல்லை.

கேள்வி (எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, மதுரை): மேடம், இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம் (திட்டமிட்ட பாடம்) எடுக்கிறேன். 30 அப்ஜெக்டிவ் கேள்வி. ப்ரீ டெஸ்ட், அன்றைக்கே டீச்சிங், ஏழாம் நாள் போஸ்ட் டெஸ்ட். டூல் (அளக்கும் கேள்வித்தாள்) சரியாக இருக்கிறதா?

பதில்: 30 கேள்வியை 10 ஆகக் குறையுங்கள். மிச்சமாகும் நேரத்தில் நோயாளியின் கையில் சிரிஞ்சைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். "இன்சுலினை எங்கே வைக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் "ஃபிரிட்ஜ்" என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் தப்பு நடப்பது அந்தக் கேள்வியில் இல்லை.

முதல் தப்பு சிரிஞ்சில். நம் நாட்டில் வயல் (சிறு மருந்துக் குப்பி) இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டாகவும் வருகிறது, 100 யூனிட்டாகவும் வருகிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். சர்க்கரை குறையவே குறையாது. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.5 மில்லி, 50 யூனிட். அந்த ஆள் ராத்திரியே மயங்கிவிடுவார். மருந்துக்கடையில் கையில் கிடைத்த சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால் நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் 30 கேள்வியில் இது ஒன்றுகூட இல்லை என்றால் டூலையே திருப்பி எழுத வேண்டும்.

அப்சர்வேஷன் செக்லிஸ்ட் இந்த வரிசையில் போகட்டும்: கை கழுவுதல், வயலில் உள்ள எண்ணையும் சிரிஞ்சையும் ஒப்பிட்டுப் பார்த்தல், கலங்கலான இன்சுலின் என்றால் உள்ளங்கைகளுக்கு நடுவே 10 தடவை உருட்டி, 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துதல், குலுக்கக் கூடாது, டோஸ் அளவுக்குக் காற்றை வயலுக்குள் செலுத்துதல், டோஸ் அளவு மருந்தை இழுத்துக் குமிழியை வெளியேற்றுதல், போடும் இடத்தைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவிக் கட்டி இருக்கிறதா என்று அறிதல், போன தடவை போட்ட இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் போடுதல், ஊசியை மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுதல். பேனா என்றால் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: முதலில் 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்ப்பது, போட்டபின் பத்து எண்ணும் வரை ஊசியை எடுக்காமல் இருப்பது.

ஒவ்வொரு படிக்கும் 0 அல்லது 1. ஆனால் மொத்த மார்க்கை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சிரிஞ்சைத் தப்பாக எடுத்துவிட்டு மற்ற எல்லாம் சரியாகச் செய்பவருக்குக் கிட்டத்தட்ட 90 சதவீதம் வந்துவிடும். சிரிஞ்ச், டோஸ் அளவு, கட்டி உள்ள இடத்தைத் தவிர்ப்பது, இந்த மூன்றையும் கட்டாயப் படிகள் என்று தனியாக வையுங்கள். ஒன்று தவறினாலும் அவர் தேறவில்லை. செக்லிஸ்ட்டை நீங்களும் இன்னொரு நர்ஸும் ஒரே நேரத்தில், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், 10 நோயாளிகளிடம் நிரப்பி கப்பா (இருவர் போட்டதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) கணக்கிடுங்கள். 0.8-க்குக் கீழே வந்தால் படிகளின் வாசகம் தெளிவாக இல்லை என்று பொருள்.

சேமிப்பைப் பற்றியும் கேளுங்கள், ஆனால் அவர் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். திறக்காத வயல் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், ஃப்ரீசரை ஒட்டாமல் இருக்க வேண்டும். உறைந்துபோனதைப் பயன்படுத்தக் கூடாது. திறந்து பயன்படுத்துவதைப் பெரும்பாலான வகைகளில் 28 நாள் வரை அறை வெப்பத்தில் வைக்கலாம், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரை வீட்டின் அறை வெப்பம் 30 டிகிரியில் நிற்காது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானை ஏற்பாட்டைக் கற்றுக்கொடுங்கள். வயலை பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, சின்ன மண் சட்டிக்குள் வைத்து, அதை ஈரமணல் போட்ட பெரிய சட்டிக்குள் நிழலில் வைக்க வேண்டும். மணல் காயாமல் தண்ணீர் தெளிக்கிறார்களா என்பதே கேள்வி.

கேள்வி (எம்.எஸ்சி., கோயம்புத்தூர்): சாம்பிள் 60 போதுமா? கைடு 60 போதும் என்கிறார்.

பதில்: 60 வழக்கமாக வந்த எண். கணக்குப் போடாமல் போதுமா என்று சொல்ல முடியாது. இரண்டு குழு, இரண்டுக்கும் நடுவே அரை ஸ்டாண்டர்டு டீவியேஷன் (மார்க்குகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) வித்தியாசம் எதிர்பார்க்கிறீர்கள், பவர் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம், பிழை (இல்லாததை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) 5 சதவீதம் என்றால் குழுவுக்கு 64 பேர். பத்தில் ஒருவர் பாதியில் போய்விடுவார் என்று 0.9-ஆல் வகுத்தால் 72. ஒரு முழு ஸ்டாண்டர்டு டீவியேஷன் வித்தியாசம் வரும் என்றால் குழுவுக்கு 17 பேரே போதும். எவ்வளவு வித்தியாசம் வந்தால் நோயாளிக்குப் பயன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எண் அதிலிருந்து வரும்.

கேள்வி (பெயர் இல்லை): அப்பாவுக்கு சாப்பாட்டுக்கு முன் சுகர் 280. இன்சுலினை இரண்டு யூனிட் கூட்டலாமா?

பதில்: அவரைப் பார்க்கும் டாக்டரிடம் இன்றைக்கே கேளுங்கள். போகும்போது வயலையும் சிரிஞ்சையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ், நியூரோ வார்டு): படுக்கைப் புண் பற்றிச் சின்ன ஆய்வு செய்ய ஆசை. வீட்டார் பவுடர் போட்டுத் தேய்க்கிறார்கள், காற்று வளையம் வாங்கி வருகிறார்கள். எப்படி ஆரம்பிப்பது?

பதில்: சிவந்த எலும்பு மேட்டைத் தேய்க்கக் கூடாது, அடியில் உள்ள திசு நசுங்கி இன்னும் கெடும். வளையமும் வேண்டாம். நடுவில் உள்ள தோலுக்கு ரத்தம் போவதைச் சுற்றிலும் இறுக்கி மறிக்கும். சாதாரண மெத்தையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புதல், பக்கவாட்டில் முழுதாகச் சாய்க்காமல் 30 டிகிரி சாய்வு, குதிகால் காற்றில் நிற்கும்படி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. வீட்டாருக்கு இந்த மூன்றைச் செய்துகாட்டி, அவர்களையும் செய்யச் சொல்லிப் பாருங்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. புறங்கையால் தொட்டுச் சூடு, தடிப்பு, கெட்டித்தன்மை பார்ப்பதைச் செக்லிஸ்ட்டில் எழுதுங்கள்.

அபாயத்தை அளக்க பிரேடன் அளவுகோல் வையுங்கள்: ஆறு பகுதி, மொத்தம் 6 முதல் 23, குறையக் குறைய ஆபத்து, 18-ம் அதற்குக் கீழும் கவனிக்க வேண்டியவர்கள். நார்ட்டன் அளவுகோல் 1962-லேயே வந்தது, எளிது, ஆனால் அதில் சத்துணவுக்கும் உராய்வுக்கும் தனி இடம் இல்லை. அட்மிஷன் ஆன முதல் நாளே தலை முதல் கால் வரை தோலைப் பார்த்து எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வரும்போதே இருந்த புண் உங்கள் வார்டு கணக்கில் சேரும். முடிவை "எத்தனை பேருக்கு" என்று மட்டும் சொல்லாமல் 1000 நோயாளி-நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்குவது ஒரு நோயாளி-நாள்) எத்தனை புதுப் புண் என்று சொல்லுங்கள்.

கேள்வி (எம்.எஸ்சி., சேலம்): 40 சாம்பிள் எடுத்தால் போதுமா மேடம்?

பதில்: மேலே கோயம்புத்தூர்காரருக்குச் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (நர்சிங் ட்யூட்டர், திருச்சி): மேடம், முதல் பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை. மாணவிகளுக்கு டேட்டா எடுக்கக் கிடைப்பது நாலு முதல் ஆறு வாரம். அதில் அறிவைத்தான் அளக்க முடியும். அறிவு கூடாமல் பழக்கம் எப்படி மாறும்? நீங்கள் கேட்பது பி.எச்டி. அளவு வேலை.

பதில்: ஆறு வாரத்தில் எச்.பி.ஏ.1.சி. பார்க்கச் சொல்லவில்லை. அது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுவது. ஊசி போடும் முறையை 14-ஆம் நாள் பார்ப்பதற்கு ஆறு வாரம் தாராளம்.

அறிவு மட்டும் அளக்கும் ஒற்றைக் குழு ஆய்வில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். அதே 30 கேள்வியை ஏழு நாளில் இரண்டாம் தடவை கேட்கிறோம். ப்ரீ டெஸ்ட்டே பாதி பாடம் சொல்லிக்கொடுத்துவிடும். பக்கத்துப் படுக்கைக்காரர், டாக்டர் ரவுண்ட்ஸ், டயட்டீஷியன் எல்லோரும் அந்த ஏழு நாளும் பேசுகிறார்கள். மார்க் குறைந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால், ஒன்றும் செய்யாமலே அடுத்த தடவை சராசரி கொஞ்சம் ஏறும். இத்தனையும் சேர்ந்து பி மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோது இப்படி வரும் வாய்ப்பு) 0.001 வருகிறது, "டீச்சிங் பலன் தந்தது" என்று எழுதிவிடுகிறோம். என்ன சொல்லிக்கொடுத்தாலும் இந்த முடிவுதான் வரும் என்றால் அந்த ஆய்வு எந்த நர்ஸுக்கும் எதையும் சொல்லவில்லை. ப்ரீ டெஸ்ட்டின் பங்கைப் பிரித்துப் பார்க்கத்தான் 1949-லேயே உளவியலாளர் சாலமன், பாதிக் குழுக்களுக்கு மட்டும் ப்ரீ டெஸ்ட் வைக்கும் நாலு குழு அமைப்பைக் கொடுத்தார். அது பெரிய வேலை, ஒப்புக்கொள்கிறேன். பாடம் எடுக்காத ஒரு கட்டுப்பாட்டுக் குழுவாவது வைக்கலாமே.

கேள்வி (அதே ட்யூட்டர்): கட்டுப்பாட்டுக் குழு ஒரே வார்டில் வைத்தால் பேச்சு கலந்துவிடும். நீங்கள் சொல்லும் செக்லிஸ்ட்டுக்கும் குறை உண்டு. நர்ஸ் எதிரில் நிற்கும்போது யாரும் ஒழுங்காகத்தான் போடுவார்கள்.

பதில்: இரண்டும் நியாயமான கேள்வி. கலப்பைத் தவிர்க்க வார்டு வாரியாகப் பிரிக்கலாம், ஆனால் அப்போது சாம்பிள் கூடும். ஒரே வார்டுக்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். வார்டுக்கு 20 பேர், ஒப்புமை 0.05 என்றால் ஒன்றோடு 19 பெருக்கல் 0.05-ஐக் கூட்டினால் 1.95 மடங்கு. அதாவது 64 பேர் 125 ஆகிறது. வார்டும் ஒன்றிரண்டு போதாது, குழுவுக்குப் பல வேண்டும். தீசிஸுக்கு இது பெரிதென்றால் முதல் மூன்று வாரம் கட்டுப்பாடு, அவர்கள் டிஸ்சார்ஜ் ஆனபின் அடுத்த மூன்று வாரம் டீச்சிங் என்று காலத்தால் பிரியுங்கள். இடையில் வார்டில் ஏதும் மாறியதா என்று குறித்து வையுங்கள்.

எதிரில் நின்று பார்ப்பது திறமையைக் காட்டும், தினசரிப் பழக்கத்தைக் காட்டாது. பழக்கத்துக்கு வயலைக் கேளுங்கள். மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்து என்றால் 10 மில்லி வயலில் 400 யூனிட். நாளுக்கு 30 யூனிட் போடுபவருக்கு 13 நாளில் தீர வேண்டும். 20 நாளாகியும் கால்வாசி மீதி இருந்தால் நாளுக்கு 15 யூனிட்தான் போயிருக்கிறது. ஊசியை விட்டுவிட்டாரா, சிரிஞ்ச் மாறியதா என்று அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். திறந்த தேதியை வயலில் பேனாவால் எழுதவைத்தாலே போதும், செலவு ஒன்றுமில்லை.

கேள்வி (சமூக நல நர்சிங், கிருஷ்ணகிரி): வயல் கணக்கு எங்கள் பக்கம் ஒத்துவருமா? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை போகிறது, பலருக்கு இன்சுலினே கிடையாது.

பதில்: மாத்திரைக்கும் அதே வழி. திட்டம் 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது, பதிவேடுகள் இருக்கும். கொடுத்த தேதி, கொடுத்த எண்ணிக்கை, வீட்டில் மீதி எண்ணிக்கை, மூன்றும் போதும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், மாத்திரையை எடுத்து ஒளித்துவிடுவார்கள். ஆனால் மீதி எண்ணுவீர்கள் என்பதற்கான சம்மதத்தை ஆரம்பத்திலேயே வாங்கியிருக்க வேண்டும். மாவட்டச் சுகாதாரத் துறையின் அனுமதியும் தேவை.

கேள்வி (எம்.எஸ்சி., வேலூர்): ஐ.இ.சி. (நெறிமுறைக் குழு) அனுமதி அடுத்த மாதம்தான். அதற்குள் பைலட் ஸ்டடி முடித்துவிடலாமா? சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவைக் கடைசியில் செய்யலாமா?

பதில்: இரண்டும் கூடாது. பைலட்டிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். 2018 ஏப்ரல் 1 முதல் சி.டி.ஆர்.ஐ. முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன் வரும் பதிவைத்தான் ஏற்கிறது. படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கினால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து கையெழுத்திட வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் போஸ்ட் டெஸ்ட் முடிந்த கையோடு அதே பாடத்தை எடுங்கள்.

கேள்வி (எம்.எஸ்சி., தஞ்சாவூர்): ரிலயபிலிட்டிக்கு (டூல் ஒரே சீராக அளக்கிறதா என்பதற்கு) கேள்விகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிடும் ஸ்ப்ளிட் ஹாஃப் போதுமா? வேலிடிட்டிக்கு (அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்பதற்கு) ஐந்து நிபுணர்களிடம் கொடுத்தேன். சாம்பிள் 60.

பதில்: சரி, தப்பு என்று மார்க் போடும் கேள்விக்குக் கே.ஆர்.-20 என்ற கணக்கு. ஐந்து படி மனப்பான்மை அளவுகோலுக்குக் குரோன்பாக் ஆல்ஃபா. ஸ்ப்ளிட் ஹாஃப் எப்படிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். ஐந்து நிபுணர் என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பேரும் சரி என்றிருக்க வேண்டும். ஆறும் அதற்கு மேலும் என்றால் சரி என்றவர்களின் பங்கு 0.78 இருந்தால் போதும். ஐந்து பேரும் நர்சிங் பேராசிரியர்களாக இருக்க வேண்டாம். சாம்பிளுக்கு மேலே பாருங்கள்.

கேள்வி (ஆண் செவிலியர், குழந்தைகள் வார்டு): மேடம், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளின் தாய்மாருக்கு ஓ.ஆர்.எஸ். கற்றுக்கொடுக்க வீடியோ நல்லதா, ஃபிளாஷ் கார்டு நல்லதா?

பதில்: எதைக் காட்டினாலும் கடைசியில் அந்தத் தாய் கலக்க வேண்டும் தம்பி. "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுல உங்க மாமியாருக்கு எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். பிறகு பாக்கெட்டைக் கையில் கொடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டும் 200 மில்லி பாக்கெட்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்கு, குழந்தைக்கு ஆபத்து. பாதி பாக்கெட்டைக் கொட்டி மீதியை மடித்து வைப்பவர்களும் உண்டு, அதில் உப்பும் சர்க்கரையும் சமமாகப் பிரியாது. எனவே பாக்கெட்டில் உள்ள அளவைப் படித்தாரா, வீட்டுப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் எது என்று காட்டினாரா, பாக்கெட்டை முழுதாகக் கொட்டினாரா, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று தானாகச் சொன்னாரா, இந்த நாலுக்கும் செக்லிஸ்ட்டில் தனித்தனி வரி வையுங்கள். துத்தநாக மாத்திரை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம், கீழே 10. போக்கு நின்றபிறகும் டாக்டர் சொன்ன 10 முதல் 14 நாள் கொடுக்கிறார்களா என்பதை 15-ஆம் நாள் போன் செய்து, மீதி மாத்திரையை எண்ணச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்.