ஜப்பானிலும் ‘போயிட்டு வர்றேன்’ உண்டு

கதை எழுதுகிறவர்களுக்கான கேள்வி-பதில் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் நடக்கும் கதைகளைப் பற்றியவை. யார் சொல்லிவைத்து எழுதினார்களோ தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே இதழில் சேர்த்துவிட்டேன்.

என் நாவலின் நாயகி மாஸ்கோக்காரி. பெயர் நதாஷா இவானோவ். நான் ரஷ்யா பக்கமே போனதில்லை. போகாமல் எழுதுவது தவறா?

போகாமல் எழுதலாம். ஒரு வாரச் சுற்றுலா போய்வந்தவருக்கு வரும் தைரியம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. போகாதவர் குறைந்தபட்சம் நாலு இடத்தில் விசாரிப்பார்.

ஆனால் உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே ஒரு பிழை இருக்கிறது. அவள் இவானோவ் அல்ல, இவானோவா. ரஷ்யக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை பெண்ணுக்கு வரும்போது ‘ஆ’ என்று நீளும். அப்பா இவானோவ், மகள் இவானோவா.

நதாஷா என்பதும் வீட்டில் கூப்பிடும் பெயர். பாஸ்போர்ட்டில் நத்தாலியா என்றிருக்கும். அப்பா பெயர் செர்கேய் என்று வைத்துக்கொண்டால், முழுப்பெயர் நத்தாலியா செர்கேயெவ்னா இவானோவா. அவளுடைய அண்ணனுக்கு நடுப்பெயர் செர்கேயெவிச். அவள் பள்ளி ஆசிரியை என்றால் பிள்ளைகள் ‘மிஸ்’ என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள், ‘நத்தாலியா செர்கேயெவ்னா’ என்று அப்பா பெயரையும் சேர்த்தே அழைப்பார்கள். கூட வேலை பார்க்கும் ஒருவன் நாற்பது பக்கம் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ‘நதாஷா’ என்றானென்றால், அதற்கு மேல் நீங்கள் நிலவையும் மழையையும் கூப்பிட வேண்டியதில்லை.

நானும் இதில் விழுந்தவன்தான். இணையம் வராத காலத்தில் எழுதிய ஒரு கதையில், ரஷ்யக் கணவனுக்கு ‘சாஷா’ என்று கையெழுத்திட்ட கடிதம் வருகிறது, மனைவி எரிந்துபோகிறாள். கதையே அந்தக் கடிதத்தின் மேல்தான் நிற்கிறது. சாஷா என்பது அலெக்சாந்தருக்கும் செல்லப்பெயர், அலெக்சாந்த்ராவுக்கும் செல்லப்பெயர். ஒரு ரஷ்ய மனைவி அதைப் பார்த்ததும் யாரோ பழைய பள்ளித் தோழன் என்று மேசையில் போட்டுவிட்டுப் போயிருப்பாள். எனக்குச் சந்தேகம் வந்திருந்தால் நூலகத்தில் போய்ப் பார்த்திருப்பேன். சந்தேகமே வரவில்லை, அதுதான் வினை.

என் ஜப்பானியப் பாத்திரங்கள் நடுநடுவே ‘அரிகாத்தோ’, ‘சயோனாரா’ என்று பேசுகிறார்கள். நம்பகத்தன்மை கூடும் அல்லவா?

கூடாது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது முழுக்க ஜப்பானிய மொழி. நீங்கள் அதைத் தமிழில் தருகிறீர்கள். அப்படியிருக்க ‘நன்றி’ மட்டும் ஏன் தமிழாகாமல் நிற்கிறது? அது வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த சொல் என்பதால். அதாவது, தேவையே இல்லாத இடத்தில்தான் அசல் சொல் வந்து உட்காருகிறது.

சயோனாராவில் இன்னொரு சங்கடம். காலையில் அலுவலகம் கிளம்பும் கணவன் மனைவியிடம் அதைச் சொன்னால் அவளுக்குத் திக்கென்றிருக்கும். நிரந்தரமாகப் பிரிவது போன்ற கனம் அந்தச் சொல்லுக்கு உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்வது ‘இத்தெக்கிமாஸ்’. உள்ளேயிருப்பவர் பதிலுக்கு ‘இத்தெராஷ்ஷாய்’ என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் முதலாவது ‘போயிட்டு வர்றேன்’, இரண்டாவது ‘போயிட்டு வாங்க’. கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ஒரு எழுத்துகூட மாற்றாமல் நம் மொழியில் அப்படியே கிடக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குச் சொல்லில்லாததால் சப்டைட்டில் போடுகிறவர் ‘கிளம்புகிறேன்’ என்ற பொருளில் ஏதோ போட்டுவைக்கிறார். நாம் அதைப் பார்த்து ‘நான் புறப்படுகிறேன்’ என்று எழுதிவைக்கிறோம்.

பல வருடங்களாக நான் சொல்லிச் சலித்தது இதுதான். நமக்கு வரும் வெளிநாடு பெரும்பாலும் ஆங்கிலம் என்ற சல்லடை வழியாக வருகிறது. அதில் எது சிக்கிக்கொள்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. சீன மொழியில் அண்ணன் ‘கெகெ’, தம்பி ‘திதி’. ஜப்பானியத்திலும் கொரியத்திலும் மூத்தவருக்கு ஒரு சொல், இளையவருக்கு வேறு சொல். இவர்களை ஆங்கிலத்தில் படித்துவிட்டு ‘என் சகோதரன்’ என்று எழுதுகிறோம். மூத்தவனா இளையவனா என்று தெரியாமல் எந்தச் சீனரும் பேச மாட்டார், நாமும் பேச மாட்டோம். நடுவில் இருந்த ஆங்கிலத்துக்குத்தான் அது தேவைப்படவில்லை. இந்தோனேசிய மொழியில் ‘கித்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். கேட்பவர் உள்ளேயா வெளியேயா என்பதை அவர்களும் நம்மைப் போலவே பிரிக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘நாங்கள் தப்பித்துவிடலாம்’ என்று ஒருவன் தன் காதலியிடம் சொல்வதாக ஒரு கையெழுத்துப் பிரதியில் படித்தேன். அவளை விட்டுவிட்டு யாருடன் ஓடப்போகிறான்?

கையோடு இன்னொன்று. பாரிஸில் பிறந்து வளர்ந்தவர் தன் தாயிடம் பிரெஞ்சில் பேசும்போது கொச்சையும் குழறலுமாகத் தமிழில் எழுதாதீர்கள். அவர் மொழியில் அவர் சரளம். தமிழ் கற்றுக்கொண்டு தமிழில் பேசும்போது மட்டும்தான் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்துக்கும் அவருடைய தாய்மொழியில் காரணம் இருக்கும். பிரெஞ்சில் டகரமும் தகரமும் தனித்தனி ஒலிகள் அல்ல, அதனால் ‘பாட்டு’ம் ‘பாத்து’ம் அவர் வாயில் கலங்கும். அரபி பேசுகிறவருக்கு பகரம் அழுத்தமாக வராது. அவர் மொழியில் அந்த ஒலியே இல்லை. எல்லா வெளிநாட்டினரும் ஒரே மாதிரி ‘நான் போச்சு, நீ வந்துச்சு’ என்று உளறுவது நகைச்சுவைத் துணுக்குக்கு ஆகும்.

1995-ல் பாரிஸில் என் நாயகன் ஓவியம் ஒன்றை வாங்குகிறான். எத்தனை யூரோ கொடுத்திருப்பான்?

ஒன்றுகூட இல்லை. யூரோ நோட்டும் நாணயமும் மக்கள் கைக்கு வந்தது 2002 ஜனவரி 1-ல். பிராங்க்கில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிரெஞ்சுக் காதலர்கள் எப்போது ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு மாறுவார்கள்?

நல்ல கேள்வி. ‘வூ’ என்பது மரியாதைக்கும் பன்மைக்கும், ‘த்யூ’ என்பது நெருக்கத்துக்கு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இதைக் காட்டப் படாத பாடு படுவார். உங்களுக்கு நீயும் நீங்களும் கையிலேயே இருக்கின்றன. ஆனால் இங்கேதான் நம் பழக்கம் காலை வாரிவிடும். நம் மொழிபெயர்ப்புகளிலும் டப்பிங்கிலும் பிரெஞ்சுக் கணவன் ‘நீ’ என்கிறான், மனைவி ‘நீங்க’ என்கிறாள். அங்கே அப்படிக் கிடையாது. அவன் ‘த்யூ’ என்றால் அவளும் ‘த்யூ’தான். அவளை ‘நீங்க’ சொல்லவைத்தவர் எழுத்தாளர், பாரிஸ் அல்ல.

எப்போது மாறுவார்கள் என்பது ஆளையும் காலத்தையும் பொறுத்தது. இன்றைய மாணவர்கள் இருவர் என்றால் முதல் நாளே ‘த்யூ’. ஜெர்மனியில் ‘ஸீ’யிலிருந்து ‘டூ’வுக்கு வரலாம் என்று வயதில் மூத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது பழைய மரபு. இளையவன் முந்திக்கொண்டால் அதுவே ஒரு காட்சி.

ஸ்வீடன் இன்னும் சுவாரஸ்யம். ஐம்பதுகளில் ஸ்டாக்ஹோமில் ஒரு டாக்டரைப் பார்த்து நேரே ‘நீங்கள்’ என்று சொல்வதே அவ்வளவு மரியாதையாகப் படாது. ‘டாக்டர் காபி சாப்பிடுகிறாரா?’ என்று அவர் முகத்தைப் பார்த்தே படர்க்கையில் கேட்பார்கள். 1967-ல் மருத்துவ வாரியத்தின் தலைமைக்கு வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர்களைப் பெயர் சொல்லியே அழைக்கப்போவதாக அறிவித்தார். அந்தச் சில ஆண்டுகளில் நாடே ‘டூ’வுக்கு, அதாவது ‘நீ’க்கு, மாறிவிட்டது. உங்கள் கதை 1955-லா 1975-லா என்பதை ஒரு உரையாடலில் காட்டிவிடலாம், நாள்காட்டியைக் கிழிக்க வேண்டாம்.

துருக்கியில் நடக்கும் துப்பறியும் கதை. கொலையாளி ஆணா பெண்ணா என்பது கடைசிவரை தெரியக்கூடாது. தமிழில் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடுகிறதே?

துருக்கிய மொழியில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ‘ஓ’ ஒன்றுதான். அங்கே சாட்சி சொல்கிறவர் மறைக்க முயலாமலே மறைத்துவிடுவார். தமிழில் ‘வந்தார்’ என்று மரியாதைக்குள் ஒளியலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் கொலைகாரரை ‘அவர், இவர்’ என்று மூன்று பக்கம் பேசினால் வாசகருக்கே உறுத்தும். பேச்சுத் தமிழில் ஒரு வழி இருக்கிறது: ‘கதவைத் தட்டினது யாரு?’, ‘போன் பண்ணினது தெரிஞ்ச குரலா?’ இந்த ‘-னது’வுக்கு ஆண் பெண் கிடையாது. விசாரணைக் காட்சிகளை இதிலேயே ஓட்டிவிடலாம். சாட்சி ஒரு இடத்தில் ‘அவ’ என்று வாய்தவறினால், உங்களுக்குத் தடயமும் ஆச்சு. துருக்கிய மொழியில் எழுதுகிறவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

கதை எந்த ஆண்டு என்று நீங்கள் சொல்லவில்லை. 1928-க்கு முன் என்றால் கடைப் பலகையும் மிரட்டல் கடிதமும் அரபு எழுத்தில் இருக்கும். அந்த ஆண்டுதான் லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். 1934-ல்தான் குடும்பப் பெயர் சட்டம் வந்தது. 1925 இஸ்தான்புல்லில் குடும்பப் பெயரை வைத்து உறவைக் கண்டுபிடிக்கும் துப்பறிவாளர், பாவம், வேலையிழப்பார்.

ஒரு எகிப்தியத் தாய் மகளைக் கொஞ்சும் வரியை ஏஐ மூலம் அரபியில் மாற்றி, அரபு எழுத்திலேயே கதையில் சேர்த்துவிட்டேன். சரிதானே?

அதில் ‘ஹபீபி’ என்று வந்திருக்கிறதா பாருங்கள். மகளைக் கொஞ்சும்போது ‘ஹபீப்தி’ என்றும் வரும். ‘நீ’ என்பதற்கே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. வந்தது செய்தி வாசிக்கும் பொது அரபியா, கெய்ரோ வீட்டுப் பேச்சா என்பது அடுத்த கேள்வி. எந்தத் தாயும் செய்தி வாசிப்பது போலக் கொஞ்ச மாட்டாள்.

அச்சகத்தில் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் ப்ரூஃப் பார்த்த காலத்தில் ஒரு புத்தகத்தில் வலமிருந்து இடமாக ஓட வேண்டிய அரபு வரி இடமிருந்து வலமாகத் திரும்பி, ஒன்றோடொன்று இணைய வேண்டிய எழுத்துகள் தனித்தனியாக உதிர்ந்து கிடந்தன. சங்கிலியைக் கழற்றி வளையம் வளையமாகப் பரப்பியது போல. எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாததால் அழகாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டோம். அந்த வரியைத் தமிழிலேயே எழுதுங்கள். கொஞ்சுவதற்குத் தமிழில் பஞ்சமில்லை.

வெளிநாட்டுக் கதையில் என்னென்ன சரிபார்க்க வேண்டும்? பட்டியல் தர முடியுமா?

தர மாட்டேன். பட்டியல் கொடுத்தால் அதில் இல்லாததில் விழுவீர்கள். என் ஸ்டாக்ஹோம் திருடன் ஜூன் மாத இரவு ஒன்பதரை மணிக்கு இருளில் பதுங்கினான். அங்கே அப்போது சூரியனே மறைந்திருக்காது. சிட்னியில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும், தெற்கு ஜன்னலில் வெயில் விழாது. அடிஸ் அபாபாக்காரர் ‘இரண்டு மணிக்கு வா’ என்றால் காலை எட்டு, விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். தாய்லாந்து ரசீதில் ஆண்டு 2568 என்றிருந்தால் அறிவியல் புனைகதை அல்ல, நம் 2025. மணி, வெயில், தேதி என்று யாரும் தேடவே நினைக்காத விஷயங்கள் இவை.

என் கதையைக் கொரியத் தோழி ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்றார். போதுமா?

போதாது. நாகரிகமானவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ‘சரியா?’ என்று கேட்காதீர்கள். ‘இதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று ஒவ்வொரு உரையாடலாகக் கேளுங்கள்.

நானும் ஒரு கொரிய மாணவியிடம் கதை சொல்லியிருக்கிறேன். முதலில் ‘நன்றாக இருக்கிறது’ என்றார். இரண்டாம் முறை வரிவரியாகப் போனபோது ஓரிடத்தில் சிரித்துவிட்டார். என் கதையில் தம்பி தன் அண்ணனை ‘ஓப்பா’ என்று கூப்பிட்டான். அது பெண் அழைப்பது. ஆண் என்றால் ‘ஹ்யோங்’. சரி, இரண்டையும் தமிழில் ‘அண்ணா’ ஆக்கிவிடுகிறேன் என்றேன், மேலே சொன்ன என் சல்லடைக் கொள்கையின்படி. பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் பக்கத்தைப் புரட்டி, நாயகி தன் காதலனை அழைக்கும் இடத்தைக் காட்டினார். அங்கேயும் ‘ஓப்பா’. ‘இதுவும் அண்ணாவா?’ என்று கேட்டார்.

அந்த ஒரு இடத்தில் மட்டும் ஓப்பா அப்படியே இருக்கிறது.