போலிஷில் கேள்வி கேட்க வேற்றுமை அட்டவணை எதற்கு?

கேள்வி: அடுத்த மாதம் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகருக்குக் கிடங்கு வேலைக்குப் போகிறேன். போலிஷ் புத்தகத்தைத் திறந்தாலே வேற்றுமை அட்டவணைதான் வருகிறது. சாதாரணமாக ஒரு கேள்வி கேட்க என்ன வழி? ஏஜென்ட் நடத்தும் வகுப்பில் சேர்ந்தால் விசாவுக்கு மொழிச் சான்றிதழும் தருகிறாராம். சேரலாமா?

பதில்: அட்டவணையை மூடி வையுங்கள். போலிஷில் வேற்றுமை ஏழுதான்; எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவர் நீங்கள், அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆமாம், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விக்கு ஒரே சொல் போதும்: ச்சு. 'அச்சு' என்பதில் அகரத்தை விழுங்கிவிட்டு, உதட்டைக் குவிக்காமல் மிச்சத்தைச் சொன்னால் ஏறக்குறைய வந்துவிடும். நாம் கடைசியில் 'ஆ' சேர்க்கிறோம். அவர்கள் முதலிலேயே ச்சு போடுகிறார்கள். 'பான் தூ ப்ரட்ஸூயெ' என்றால் நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்கள். 'ச்சு பான் தூ ப்ரட்ஸூயெ?' என்றால் செய்கிறீர்களா? வேறெந்தச் சொல்லும் இடம் மாறவில்லை. பேச்சில் ச்சுவை விட்டுவிட்டுக் குரலை உயர்த்தினாலும் கேள்விதான்.

முன்பின் தெரியாத ஆணுக்குப் பான், பெண்ணுக்குப் பானி. வினை 'அவர் பேசுகிறார்' என்பதுபோலப் படர்க்கையில் வரும்: 'ச்சு பானி மூவி போ அங்கெல்ஸ்கு?' ஆங்கிலம் பேசுவீர்களா? தொடக்கப் பாடங்கள் பலவும் 'மூவிஷ்' என்றுதான் ஆரம்பிக்கின்றன. அது 'நீ பேசுவாயா'. அதை அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அம்மையாரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிச் சுருங்குகிறது என்று தெரியும்.

இங்கேதான் புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுகிறார்கள்: அதே ச்சு நடுவில் வந்தால் 'இதுவா, அதுவா' என்று பொருள். கடையில் பணம் கட்டும்போது 'கார்த்தோன் ச்சு கொதூஃப்கோன்?' என்பார்கள். கார்டா, ரொக்கமா? உணவகத்தில் 'நா மியெய்ஸ்ட்ஸூ ச்சு நா வுனோஸ்?' இங்கேயே சாப்பிடவா, கட்டிக் கொடுக்கவா? ச்சு காதில் விழுந்ததும் 'தாக்', அதாவது ஆமாம் என்று சொல்லிவிட்டு நிற்காதீர்கள். இரண்டில் ஒன்றைத் திருப்பிச் சொல்லுங்கள்.

மற்றவை: க்ஜெ எங்கே, கியெடு எப்போது, இலெ எவ்வளவு. 'இலெ தோ கொஷ்தூயெ?' இது என்ன விலை? இவற்றோடு ச்சு சேராது.

சான்றிதழுக்கு வருவோம். வேலை விசாவுக்குப் போலிஷ் தேர்வுச் சான்றிதழ் தேவையில்லை. நீண்டகால வதிவிட அனுமதியோ குடியுரிமையோ கேட்கும் காலத்தில்தான் பி1, அதாவது நடுத்தர அளவு மொழித் தேர்ச்சி கேட்பார்கள். அன்றைக்கு ஏஜென்ட் கொடுத்த காகிதம் செல்லாது. வகுப்புக்குப் பணம் கேட்டால் அது வகுப்புக் கட்டணம் மட்டுமே. விசாவோடு முடிச்சுப் போடுகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். போலந்து அரசும் லேசுப்பட்டதல்ல. வெளிநாட்டவரை வேலைக்கு வரவழைக்கிறார்கள், அனுமதி பற்றிய கடிதத்தை மட்டும் போலிஷில் அனுப்புகிறார்கள். இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

உங்களுக்கு இன்னொரு கேள்வியும் தேவைப்படும். 'இலெ ஸா கொஜினெ?' ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? தொகை சொன்னதும், 'ப்ருத்தோ ச்சு நெத்தோ?' பிடித்தத்துக்கு முன்பா, பின்பா? ஏஜென்ட் உங்களிடம் சொன்ன சம்பளம் அநேகமாக ப்ருத்தோவாக இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அவரிடமே கேளுங்கள்.