சைனாடவுனில் இரண்டாம் மாடிக்கு ஏறுங்கள்

சிங்கப்பூர் சைனாடவுன் சாப்பாட்டைப் பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: அக்கா, மகனைப் பார்க்க அடுத்த மாதம் சிங்கப்பூர் வருகிறோம். போன தடவை சைனாடவுனில் தெருவோர மேசையில் உட்கார்ந்து மூன்று பேர் சாப்பிட்டதற்கு நூறு வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டிவிட்டது. கணவர் ஓய்வூதியத்தில் இருக்கிறார். குறைந்த செலவில் நல்ல சீனச் சாப்பாடு அங்கே கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும்மா. நீங்கள் உட்கார்ந்தது படம் போட்ட மெனுவை நீட்டி வாசலிலேயே ஆளைக் கூப்பிடும் இடமாக இருக்கும். அப்படிப்பட்ட உணவகங்களில் மெனுவில் போட்ட விலையோடு கணக்கு முடிவதில்லை. பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் ஒன்பது சதவீதம் ஜிஎஸ்டி. நீங்கள் கேட்காமலே வைக்கிற கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் பல இடங்களில் தனிக்காசு.

இந்தத் தடவை சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நம் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்தே நடங்கள். கோயிலை ஒட்டிய டெம்பிள் ஸ்திரீட்டைத் தாண்டினால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஸ்மித் ஸ்திரீட் வந்துவிடும். அதில் 335ஆம் எண் கட்டடம்தான் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். நிலத்தடித் தளத்தில் மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தை, தரைத்தளத்தில் துணிமணி, சாமான் கடைகள். அங்கேயே நின்றுவிடாமல் மேலே ஏறுங்கள். இரண்டாம் மாடி (சிங்கப்பூர்க் கணக்கில் தரைத்தளம்தான் முதல் மாடி) முழுக்க உணவங்காடி, இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள். அந்தச் சுற்றுவட்டாரத் தெருக்களில் அடுப்பு வைத்து விற்றுக்கொண்டிருந்தவர்களை 1983இல் இங்கே குடியேற்றினார்கள். அந்தக் குடும்பங்களின் கைப்பக்குவம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது.

ஒரு தட்டு பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வெள்ளிக்குள். சேவைக் கட்டணம் கிடையாது. பலகையில் போட்டிருப்பதைக் கொடுத்தால் போதும்.

எந்தக் கடைக்குப் போவது என்று தயங்குவீர்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான். பலகையில் நாற்பது பதார்த்தம் எழுதியிருந்தால் தாண்டிப் போய்விடுவேன். ஒன்றோ இரண்டோ மட்டும் போட்டிருந்து, அதையே வயதான ஒருவர் செய்துகொண்டிருந்தால் நின்றுவிடுவேன். முப்பது வருஷமாக ஒரே பண்டத்தைச் செய்கிறவர் கையில் உப்பு கூடாது, குறையாது.

சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பணம் செலுத்தும் பேநவ் வந்துவிட்டாலும் ரொக்கம் மட்டும் வாங்கும் பெரியவர்கள் உண்டு. மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களேதான் கொண்டுபோய் அடுக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் அது சட்டம். திங்கட்கிழமை பல கடைகள் பூட்டியிருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் போனாலும் ஏமாற்றம்தான். காலை பத்தரை, பதினொன்றுக்குப் போங்கள், கணவர் கூட்டத்தில் சிரமப்பட வேண்டியிருக்காது.

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு செவிலியர்: ஊர் நாகர்கோவில். காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கூட வேலை செய்யும் சீனப் பெண்கள் எல்லோரும் “கஞ்சி குடி” என்கிறார்கள். சீனக் கஞ்சி எப்படி இருக்கும்? பன்றி இறைச்சி சாப்பிட மாட்டேன்.

அந்தப் பிள்ளைகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சீனக் கஞ்சியில் இரண்டு சீனச் சமூகத்தாரின் இரண்டு வகை இருக்கிறது, தெரிந்துகொண்டு போ.

ஒன்று கான்டனீஸ் கஞ்சி. அரிசி இருந்த தடமே தெரியாமல் கரைந்து, வெண்பட்டு மாதிரி வழுவழுப்பாக இருக்கும். சைனாடவுன் பக்கத்து அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த காலத்தில் மேக்ஸ்வெல் உணவங்காடியில் நின்று இதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பெரிய அண்டாவில் அடிக்கஞ்சி தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். நாம் சொன்ன பிறகு, கடைக்கார அம்மா அதில் இரண்டு கரண்டி எடுத்துச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றித் தனி அடுப்பில் வைப்பார். கொதி வந்ததும் காகிதம்போல் சீவிய பச்சை மீன் துண்டுகளைப் போடுவார். மீன் வெளுக்கும் அந்த நிமிடமே அடுப்பை அணைத்து, கிண்ணத்தில் கவிழ்த்து, நூலாக நறுக்கிய இஞ்சி, வெங்காயத்தாள், இரண்டு சொட்டு நல்லெண்ணெய், கடைசியாக வெள்ளை மிளகுத்தூள். முட்டை கேட்டால் அந்தச் சூட்டிலேயே உடைத்து ஊற்றுவார். கலக்காமல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் குடிக்க வேண்டும். காய்ச்சல் வாய்க்கு அந்த இஞ்சியும் மிளகும் போதும்.

ஒரு எச்சரிக்கை. மீன் கஞ்சி என்று கேட்டாலும் அடிக்கஞ்சியைப் பன்றி எலும்பு போட்டுக் காய்ச்சும் கடைகள் இருக்கின்றன. “போர்க் போன்?” என்று நேராகக் கேள். மறைக்க மாட்டார்கள்.

உனக்கு இரண்டாவது வகைதான் நிம்மதி என்று நினைக்கிறேன். தியோச்சியூ கஞ்சி. அது வெறும் அரிசியும் தண்ணீரும். பருக்கை முழுசாக அடியில் நிற்கும், மேலே தெளிந்த கஞ்சித்தண்ணீர். உப்பு எதுவும் இருக்காது. பக்கத்தில் பத்துப் பதினைந்து தட்டுகளில் தொட்டுக்கொள்ள வைத்திருப்பார்கள்: பாதியாக வெட்டிய உப்பு முட்டை, பொடியாக நறுக்கி வதக்கிய முள்ளங்கி ஊறல், வேகவைத்த மீன், வறுத்த நெத்திலியும் வேர்க்கடலையும், சோயா சாஸில் வெந்த தோஃபு (சோயாப்பால் கட்டி). கை காட்டியதை எடுத்து வைப்பார்கள். முழு மீன் கேட்டால் விலை ஏறும். அந்தத் தோஃபுவும் பன்றி இறைச்சிக் குழம்பிலேயே வெந்ததாக இருக்கலாம், அதை விட்டுவிடு. உப்பு முட்டையும் முள்ளங்கியும் வைத்து ஒரு கிண்ணம் குடித்துப் பார், வாய் திறந்துகொள்ளும். உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: நாங்கள் சுத்த சைவம். வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சைனாடவுன் பக்கமே போக வேண்டாம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

ஐயா, பயப்பட வேண்டாம். சீன பௌத்த சைவத்தில் முட்டைக்கோஸ், தோஃபு, காளான், சேமியா எல்லாம் உண்டு. வெங்காயம், பூண்டு கிடையாது. இந்த விஷயத்தில் உங்கள் வீட்டு நியமத்துக்கு லிட்டில் இந்தியாவின் பல ஹோட்டல்களைவிட அது நெருக்கமானது.

ஆனால் சாதாரணக் கடையில் போய் “வெஜிடேரியன்” என்று கேட்டு வாங்காதீர்கள். இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். கீரை வதக்கலில் சிப்பி சாஸ் இருக்கும், நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கும், சட்னியில் காய்ந்த இறால் இருக்கும். சைவத்துக்கென்றே உள்ள கடையைத் தேடுங்கள். காம்ப்ளெக்ஸ் மாதிரியான பெரிய உணவங்காடியில் ஒன்றாவது இருக்கும். காலையில் போனால் வறுத்த அரிசிச் சேமியா கேளுங்கள். மேலே மொறுமொறுவென்று சோயா ஏடு, வதக்கிய முட்டைக்கோஸ் வைத்துத் தருவார்கள். கோழி, வாத்து மாதிரி தெரிவதெல்லாம் கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்தவை. சிலவற்றில் முட்டை சேர்வதுண்டு, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமாவாசையை ஒட்டித் தொடங்கும் சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவக் கடைகளில் வரிசை நீளும். பௌத்த, தாவோயிசக் குடும்பங்களில் அன்று விரதம். அந்த வரிசையில் உங்களையும் உங்கள் மனைவியையும் பார்த்தால் பாட்டிகள் மகிழ்ந்து போவார்கள்.

ஹக்கா என்ற சீனச் சமூகத்தாரின் லேய்ச்சா சோற்றையும் விட்டுவிடாதீர்கள். சோற்றின்மேல் பொடியாக நறுக்கிய பயற்றங்காய், கீரைகள், தோஃபு, வேர்க்கடலை. தனிக் கிண்ணத்தில் தேயிலை, புதினா, துளசி வகை இலைகள், கடலை, எள் எல்லாம் சேர்த்து அரைத்த பச்சைநிறச் சாறு. அதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட வேண்டும். முதல் வாய் கசக்கும், நான்காவது வாய்க்குள் பிடித்துப்போகும். நெத்திலி தூவுவார்கள், முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பூண்டு உண்டா என்றும் கேளுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு மாணவர்: உணவகங்களுக்குத் தரம் போடும் மிச்சலின் வழிகாட்டியின் நட்சத்திரம் வாங்கிய இரண்டு வெள்ளிக் கோழிச்சோறு இன்னும் இருக்கிறதா?

2016இல் சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் கடை வைத்திருந்த சான் ஹொன் மெங்கின் சோயா சாஸ் கோழிக்கு நட்சத்திரம் கிடைத்தது உண்மை. அதற்கு முன் உணவங்காடிக் கடைக்கு அப்படி ஒரு கௌரவம் கிடைத்ததில்லை. 2021இல் அந்த நட்சத்திரம் போய்விட்டது. அந்தப் பழைய விலையையும் மறந்துவிடு தம்பி.

நட்சத்திரத்தைத் தேடி ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பதைவிட, கோழிச்சோறு நல்லதா என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொள். ஹைனான் வகையில் சோறுதான் பரீட்சை. கோழிக்கொழுப்பில் இஞ்சி, பூண்டு வதக்கி, கோழி வேகவைத்த தண்ணீரிலேயே ரம்பை இலை போட்டு வடித்த சோறு அது. கோழியைத் தொடாமல் முதலில் வெறும் சோற்றை ஒரு கரண்டி வாயில் போடு. தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமலே அடுத்த கரண்டிக்குக் கை போனால் அது நல்ல கடை.

காயல்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி: ஹலால் சீனச் சாப்பாடு அங்கே உண்டா?

காம்ப்ளெக்ஸில் தேடி அலைய வேண்டாம், பெரும்பாலும் பன்றி புழங்கும் இடம். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஹலால் சான்றிதழ் மாட்டிய கடைகளில் மட்டும் சாப்பிடுங்கள். தட்டு அடுக்கும் இடத்திலும் ஹலாலுக்குத் தனி அலமாரி இருக்கும். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சோழியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ பள்ளிவாசலில் தொழுதுவிட்டு எமோய் ஸ்திரீட் உணவங்காடிக்கு நடந்துவிடலாம், அங்கே ஹலால் கடைகள் உண்டு.

சிங்கப்பூர் ஆங் மோ கியோவிலிருந்து ஒரு வாசகர்: மூன்று வெள்ளிக்குச் சாப்பிட்ட வான்டன் மீ (பூரணம் வைத்து மடித்த வான்டனோடு வரும் நூடுல்ஸ்) இப்போது ஐந்து வெள்ளி. இதையும் மலிவு என்று எழுதுவீர்களா?

எழுதுவேன் ஐயா. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, வாரம் நான்கு நாள் வெளியில் சாப்பிடுகிறவருக்கு இரண்டு வெள்ளி சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்தக் கிண்ணத்துக்கு எவ்வளவு வேலை என்று அடுப்படியில் நின்று பாருங்கள். கடைக்காரர் மனைவி இடது கையில் மாவுத்தாளை ஏந்தி, மூங்கில் குச்சியால் பூரணத்தை ஒரு தீற்று தீற்றி, விரலை மூடுகிற வேகத்திலேயே வான்டனை உருட்டிவிடுவார். கடைக்காரர் மீயை உதறிக் கொதிநீரில் போட்டு, நீளக் குச்சியால் கிளறி, வடிகட்டியோடு தூக்கிக் குளிர்ந்த நீரில் முக்கி, மறுபடி கொதிநீரில் காட்டி எடுப்பார். அந்தக் குளிர்நீர் முக்கலில்தான் மீ குழையாமல் நிற்கிறது. விடியுமுன் எழுந்து வந்து, மதியம்வரை ஈரத்தரையில் நின்றபடி இதையே செய்கிறார்கள்.

தெருவிலிருந்து வந்த முதல் தலைமுறையினருக்குச் சலுகை வாடகை. அவர்கள் ஓய்ந்த பிறகு வெளியிலிருந்து புதிதாகக் கடையை எடுக்கிறவர் பெரும்பாலும் ஏலத்தில் கேட்டு எடுக்க வேண்டும். இன்று உணவங்காடிக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அறுபது வயதைத் தொட்டவர்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் நம் உணவங்காடிக் கலாசாரம் ஏறியபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனால் ஒரு கிண்ணம் ஐந்து வெள்ளிக்குப் போகாவிட்டால் அந்தக் கடையைப் பிள்ளைகள் எடுத்து நடத்தப் போவதில்லை. குளிர்சாதன வசதியுள்ள உணவுக்கூடங்களில் ஒன்பது வெள்ளி கொடுத்துச் சாப்பிடுகிற மீ பெரும்பாலும் எங்கோ மத்திய சமையற்கூடத்திலிருந்து வருவது. அதற்கு நாம் யாரும் முனகுவதில்லையே.

ஐந்து வெள்ளி கொடுங்கள், அங்கேயே உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள். பொட்டலம் கட்டி ஆங் மோ கியோவரை கொண்டுபோனால் மீ ஒட்டிக்கொள்ளும், டப்பாவுக்கும் தனிக்காசு.