கேமரா கேள்வி-பதில்: ஆலயத்துக்குள் படம் தெளிவாக விழ என்ன வாங்கலாம்?

கேள்வி: கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவும் (படம் பதியும் சென்சார் சிறியதாக உள்ள வகை) அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் இருக்கின்றன. ஆலயத்துக்குள் எடுக்கும் படங்கள் புள்ளிபுள்ளியாக, ஷேக் ஆகி வருகின்றன. 2 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இப்போது வேண்டாம். குறை லென்ஸில் இருக்கிறது. 55 மி.மீ.க்கு இழுத்ததும் கிட் லென்ஸின் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). அதை ஈடுகட்ட கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்வளவை, 6400 வரை ஏற்றும், புள்ளி அதனால். அப்படியும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 நொடியில் நின்றுவிட்டால், நடந்து வரும் மணப்பெண் ஷேக் ஆகத்தான் செய்வார். கெட்டுப்போன படங்களின் விவரங்களைக் கணினியில் திறந்து இந்த எண்களை ஒருமுறை பாருங்கள்.

50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் போட்டால் கிட்டத்தட்ட 10 மடங்கு ஒளி உள்ளே வரும். அதே வெளிச்சத்தில் 1/200 நொடி, ஐஎஸ்ஓ 2000 கிடைக்கும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்போ உங்களுடையதைப்போல் 2.3 மடங்குதான். 2 லட்சம் கொடுத்து, சிறிய சென்சாருக்காகச் செய்த பழைய லென்ஸையே மாட்டினால் நடுப்பகுதி மட்டும் பதிவாகி, 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகச் சுருங்கும். ஆகவே லென்ஸுக்கும் தனியாகப் பணம் வைக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். எஃப் 1.8-இல் இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால், ஒருவர் சற்றுப் பின்னால் நின்றாலே அவர் முகம் மங்கும். ஜோடியாக எடுக்கும்போது எஃப் 2.8-க்கு வந்துவிடுங்கள். குடும்பப் படத்துக்கு 50 மி.மீ. இறுக்கமாக இருக்கும், அதற்குக் கிட் லென்ஸும் ஃபிளாஷும் போதும்.

மெகாபிக்சலுக்காகவும் மாற்றத் தேவையில்லை. 12×18 அங்குல ஆல்பப் பக்கத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 5400×3600 போதும். அது 20 மெகாபிக்சலுக்கும் குறைவு.

இரண்டு கார்டு போடும் வசதி இல்லாத கேமரா என்றால், அது ஒன்றுதான் மாற்றுவதற்கு நியாயமான காரணம். கார்டு கெட்டால் தாலி கட்டியதை மறுபடி எடுக்க முடியாது. அட்வான்ஸ் வாங்கும் வேலைகள் கூடும்வரை, இரண்டு கார்டு போடும் கேமராவை அந்தந்த நாளுக்கு வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: பழைய கேமரா ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், குளச்சல்

பதில்: நம் கடற்கரையில் ஷட்டர் எண்ணிக்கையைவிட (இதுவரை ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதைவிட) உப்புதான் முதல் கவலை. பேட்டரி அறையிலும் ஃபிளாஷ் மாட்டும் இடத்திலும் உள்ள உலோகத் தகடுகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்த அரிப்பு உள்ளே எதுவரை போயிருக்கிறது என்பது வெளியில் தெரியாது. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடியுங்கள். நூலாம்படைபோல் தெரிந்தால் அது பூஞ்சை. துடைத்தாலும் கண்ணாடியின் பூச்சில் தழும்பு நிற்கலாம்.

வாங்கியபின் தோல் பையில் போட்டுப் பீரோவில் வைக்காதீர்கள். ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை பெய்யும் ஊர் இது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பத மீட்டரும் போட்டு, அளவை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறியதும் வெயிலில் போட்டு விடாமல் மிதமான சூட்டில் அடுப்பில் உலர்த்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெயில் மட்டும் போதாது.