ஒற்றை எலும்பை நம்பிப் பெயர் வைக்கலாமா?

கேள்வி: இந்தியாவில் முதலில் கிடைத்த டைனோசர் டைட்டனோசாரஸ் என்கிறார்கள். அந்தப் பெயரே செல்லாது என்றும் சொல்கிறார்களே, ஏன்?

பதில்: எலும்பு உண்மையானதுதான். அந்த இனத்துக்கு மட்டுமே உரிய அடையாளம் அதில் இல்லை என்பதுதான் சிக்கல். ஜபல்பூரில் 1828இல் ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன் எடுத்த வால் முள்ளெலும்புகளுக்கு 1877இல் தொல்லுயிரியலாளர் லைடெக்கர் ‘டைட்டனோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். முன்பக்கம் குழிந்து, பின்பக்கம் பந்துபோல் புடைத்த அவற்றின் வடிவம் அன்றைக்குப் புதுமை. பிறகு அதே வடிவ வால் பல நாடுகளில், பல இனங்களில் கிடைத்துவிட்டது. அதனால் 2003இல் ஆய்வாளர்கள் வில்சனும் அப்சர்ச்சும் அதை ஐயத்துக்குரிய பெயர் என்று ஒதுக்கினார்கள். அதே ஆண்டில், கழுத்து, முதுகு, இடுப்பு எனப் பல எலும்புகளோடு கிடைத்து, டைட்டனோசாரஸின் இன்னோர் இனமாக வைக்கப்பட்டிருந்த ‘டைட்டனோசாரஸ் கோல்பெர்ட்டி’ இசிசாரஸ் என்ற தனிப் பேரினமாயிற்று (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி).

கேள்வி: பழைய துண்டுகளை மறுபடி ஆராயும்போது எதையெல்லாம் பார்க்கிறார்கள்?

பதில்: முதலில், எது எலும்பு, எது பின்னால் பூசிய பிளாஸ்டர் என்று பிரிக்க வேண்டும். சி.டி. ஸ்கேனில் எலும்பின் உள்ளே நுண்துளைகள் தெரியும்; பிளாஸ்டரில் அந்த அமைப்பு இருக்காது. அடுத்து, ஒரே விலங்கின் எலும்புகள்தானா என்ற கேள்வி. 1923இல் பெயரிடப்பட்ட லமேட்டாசாரஸ் என்ற டைனோசரில் ஊனுண்ணியின் எலும்புகளோடு வேறொரு விலங்கின் தோல் கவசத் தகடுகளும் கலந்துவிட்டதாகப் பின்னர் கருதப்பட்டது. ஒரே குழியில் கிடைத்தது என்பது மட்டும் போதாது.

ஒப்பிடும்போது தொடை எலும்பைத் தொடை எலும்போடுதான் வைத்துப் பார்க்க முடியும். ஓரினத்துக்கு வால் மட்டும், இன்னொன்றுக்குக் கால் மட்டும் இருந்தால், இரண்டும் சேர்ந்த எலும்புக்கூடு கிடைக்கும்வரை தீர்ப்புச் சொல்லக் கூடாது. பாறையின் அழுத்தத்தில் நசுங்கிய வளைவைப் புதிய அடையாளமாக எண்ணி ஏமாறுவதும் உண்டு. இடது, வலது இரண்டு எலும்புகளும் இருந்தால் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும்.

வயதுதான் மிகவும் கவனம் கேட்பது. குட்டியைத் தனி இனம் என்று எண்ணிவிடக் கூடாது. நீண்ட எலும்பின் நடுத்தண்டில்தான், மரத்தில் இருப்பதுபோன்ற வளர்ச்சி வளையங்கள் நன்றாகத் தங்கியிருக்கும். அங்கே வெட்டி, 0.1 மி.மீ.க்கும் குறைவாக, ஒளி ஊடுருவும்வரை தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெளி ஓரத்தில் வளையங்கள் நெருக்கியடித்திருந்தால் வளர்ச்சி முடிந்த விலங்கு. வெட்டியதை மீட்க முடியாது. ஆகவே அதற்கு முன்பே அச்சு வார்த்து, முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: அரியலூர் அருகே கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசாரஸ்தான் உலகிலேயே பெரியதா?

பதில்: உறுதியாகச் சொல்ல முடியாது. 1987இல் ஊனுண்ணி என்று விவரிக்கப்பட்டு, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணி எனத் திருத்தப்பட்டது. கீழ்க்கால் எலும்பு சுமார் 2 மீட்டர் என்று குறித்திருக்கிறார்கள். ஆனால் எலும்புகள் நொறுங்கிப்போயின. மிஞ்சியவை வரைபடங்களும், 2022இல் வெளியான களப் புகைப்படங்களும்தான். நீளத்தைப் படத்தில் அளக்கலாம். எலும்பின் உள்ளமைப்பை அதில் பார்க்க வழியில்லை, நடுத்தண்டைச் சீவிப் பார்க்கவும் முடியாது.